திருப்பிக் காட்டுங்கள்

விமானியின் மார்பில் இருந்த இறக்கைச் சின்னத்தை யாராவது என்னிடம் நீட்டினால், வாங்கிய கையோடு கவிழ்த்துவிடுவேன். முகத்தைப் பார்த்தால் ஆசை வந்துவிடும். ஆசை வந்த பிறகு கண் தனக்கு வேண்டியதை மட்டும்தான் பார்க்கும். கொண்டுவந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். "சார், அழகே முன்னாடிதான் சார்" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் போலி செய்கிறவனும் அந்த அழகைப் பார்த்துத்தான் செய்கிறான். புத்தகத்திலும் ஏல அட்டவணையிலும் அச்சாவது முன்பக்கப் படம். பின்பக்கமோ, யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் ஒரு தொழிலாளி அவசரமாக முடித்துவிட்டு எழுந்த இடம். அந்த அவசரத்தை நகல் எடுப்பது கஷ்டம்.

சேகரிப்பவர்கள் நாங்கள் இதை ‘விங்ஸ்’ என்றே சொல்வோம். பிரிட்டிஷ் விங்ஸில் மூத்தது ராயல் ஃப்ளையிங் கோர் படையினுடையது. 1913 பிப்ரவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். வடிவத்தை யோசித்தவர்கள் டேவிட் ஹென்டர்சன், ஃபிரெடெரிக் சைக்ஸ் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள். கழுகு, பருந்தையெல்லாம் விட்டுவிட்டு உழவாரன் குருவியின் இறக்கையை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பனைமரத்தைச் சுற்றிவரும் பனை உழவாரனுக்கு உறவுக்காரப் பறவை. நடுவில் லாரல் இலை வளையம், உள்ளே பின்னிய எழுத்துகள், மேலே மகுடம். 1918 ஏப்ரல் 1-இல் அந்தப் படையும் கடற்படையின் விமானப் பிரிவும் சேர்ந்து ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆனபோது எழுத்து மாறியது. மற்றபடி அதே உருவம்தான், நூறு வருஷமாக.

உருவம் மாறாததால் காலத்தைக் கணிக்க மகுடத்தைப் பார்ப்போம். மன்னர்கள் காலத்து மகுடத்தின் வளைவுகள் மேலே உருண்டு நிற்கும். எலிசபெத் ராணி வந்த பிறகு, 1950-களில், நடுவில் பள்ளம் விழுந்த எட்வர்ட் மகுடம் வந்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு பாடத்தைப் படித்ததும் பாதிக் கடல் தாண்டியதாக நினைப்பார்கள். ஆனால் 2022-இல் சார்லஸ் மன்னர் உருண்ட மகுடத்தையே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டார். புதுச் சின்னங்கள் அந்த வடிவத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. இன்னும் இருபது வருஷத்தில் இந்தப் பாடம் ஆளைக் கவிழ்க்கும் பாடமாகிவிடும்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் தாம்பரம், பரங்கிமலை, சோழவரம், சூலூர் என்று நம்மைச் சுற்றி ஓடுதளங்கள் இருந்ததை மறந்துவிடுகிறோம். பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலிருந்து விமானப்படைக்குப் போனவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நிலைத்துவிட்ட பிறகு வீட்டை ஒழிக்கும்போது டிரங்குப் பெட்டிகள் வெளியே வரும். ஒரு காலத்தில் அவை மூர் மார்க்கெட்டுக்குப் போயின. 1985-இல் அது எரிந்த பிறகு அந்தச் சரக்கு திசைக்கொன்றாகப் போயிற்று. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எப்போதாவது ஒன்று தலைகாட்டும், பித்தளைக் குழாய்க்கும் பழைய சார்ஜருக்கும் நடுவில்.

பரங்கிமலையில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும்.

"டாடி ஸ்பிட்ஃபயர் பைலட்டுப்பா. மம்மி சொல்லியிருக்காங்க."

எல்லார் வீட்டு அப்பாவும் ஸ்பிட்ஃபயர்தான் ஓட்டியிருக்கிறார்கள். இதுவரை ஒருவர்கூட என்னிடம் சரக்கு விமானம் என்று சொன்னதில்லை. பெட்டிக்குள் பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் துணிச் சின்னம். அதில் இருந்தது ஒற்றை இறக்கை. பைலட்டுக்கு இரண்டு இறக்கை. விமானத்தில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று, அதன் அடியில் ஒரு வளையம், வளையத்துக்குள் எழுத்து. பார்வையாளருக்கு ‘ஓ’, 1942-இலிருந்து நேவிகேட்டருக்கு ‘என்’, 1939 டிசம்பரிலிருந்து துப்பாக்கி வீரருக்கு ‘ஏ.ஜி.’ அந்த அம்மாவின் டப்பாவில் இருந்தது ஏ.ஜி. இந்தச் சின்னத்தில் பன்னிரண்டு இறகுதான் இருக்கும். முதலில் பதின்மூன்று வரைந்திருந்தார்கள், ராசியில்லாத எண் என்று ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, எண்ணிப் பார்ப்பது வழக்கம்.

கவிழ்த்தேன். நான்கு ஓரமும் உள்ளே மடிந்து, மடிப்பு பல வருஷம் அழுந்திக் கிடந்த தடம் இருந்தது. மடிப்பு நெடுகத் தையல் ஓட்டைகள். இரண்டு மூன்று ஓட்டைகளில் நீலச் சாம்பல் நிற நூல் துணுக்கு சிக்கியிருந்தது, சீருடையிலிருந்து பிளேடால் பிரித்தபோது மிஞ்சியது. இதையெல்லாம் ஒரு போலிக்காரன் செய்ய முடியாதா? முடியும். ஆனால் அதே பெட்டியின் அடியில் படிவம் 1767 என்று அச்சிட்ட பறக்கும் பதிவேடு கிடந்தது. பார்வையாளர்களும் துப்பாக்கி வீரர்களும் எழுதிவைக்க வேண்டியது. தேதி, விமானம், கடமை, பறந்த நேரம், மாதக் கடைசியில் மேலதிகாரி கையெழுத்து. விமானம் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக லிபரேட்டர். கடமை என்ற கட்டத்தில் வால் துப்பாக்கி.

"ஆன்ட்டி, உங்க டாடி பைலட் இல்ல. அதைவிடக் குளிரான இடத்துல உக்காந்திருந்திருக்காரு" என்றேன். விவரம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் விலை பேசத் தோன்றவில்லை. பதிவேட்டையும் சின்னத்தையும் மட்டும் பிரிக்காதீர்கள், யாருக்குக் கொடுத்தாலும் சேர்த்தே கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிரிந்துவிட்டால் சின்னம் வெறும் துணி, பதிவேடு வெறும் கணக்கு நோட்டு. வியாபாரிகளில் சிலர் வேண்டுமென்றே பிரிப்பார்கள். தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு. எனக்கு இதில் பொறுமை கிடையாது.

துணிச் சின்னத்துக்குப் புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. கள்ளநோட்டு பார்க்கும் அதே விளக்குதான். நூலுக்கும் துணிக்கும் பளிச்சென்ற வெள்ளை தருகிற ரசாயனம், சலவைத் தூளிலும் ஆலைகளிலும் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது போருக்குப் பிறகு. அந்த ரசாயனம் விளக்கின்கீழ் நீலமாக ஒளிரும். 1943-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் விங்ஸ் தீபாவளி மாதிரி ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் தாத்தாவின் சீருடையைப் பேத்தி பாசத்தோடு சர்ஃப் போட்டுத் துவைத்திருந்தாலும் ஒளிரும். அதேபோல, ஒளிராத பருத்தி நூலாகப் பார்த்து வாங்கித் தைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். விளக்கு கேள்வி கேட்க உதவும், அவ்வளவுதான். எனக்கு அதைவிட நம்பிக்கை, உரிமையாளரின் சம்மதத்தோடு பின்பக்கத்திலிருந்து உருவும் ஒரே ஒரு இழைமேல். தீக்குச்சியில் காட்டினால் கம்பளி முடி கருகிய நாற்றம் அடித்துப் பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். பாலியெஸ்டர் இழையை இங்கிலாந்தில் கண்டுபிடித்ததே 1941-இல். கடைத்தெருவுக்கு வந்தது 50-களில். அந்த மணி திரண்டால் பேச்சே இல்லை.

தேய்மானத்தைப் படிப்பதற்குத்தான் வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும். மார்பின் இடப்பக்கத்தில் பைக்கு மேலே இருந்த சின்னம் அது. பாராசூட் பட்டை உரசியிருக்கும், மிதவை அங்கி உரசியிருக்கும், பிரஷ் போட்டிருப்பார்கள். மேடான இடம் தேய்ந்து, பள்ளமான இடம் அழுக்கேறி இருக்க வேண்டும். தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தது ஒரே சீராகப் பழுத்திருக்கும், மடிப்புக்குள்ளும்கூட. வெளிச்சமே படாத மடிப்பின் உட்பக்கத்துக்கு எப்படி வயதாயிற்று என்று கேட்டால் விற்பவர் என்னைப் பார்க்காமல் டீ சொல்லப் போய்விடுவார்.

உலோகச் சின்னங்கள் வேறு உலகம். பிரிட்டிஷ்காரர்களுக்குத் துணி, அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் வெள்ளி. இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்க விங்ஸின் வழக்கமான அகலம் மூன்று அங்குலம், அதாவது 76.2 மில்லிமீட்டர். முதுகில் ‘ஸ்டெர்லிங்’ என்ற முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். ஆகவே முதலில் தண்ணீரில் நிறுப்பேன். சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, விங்ஸை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குவேன். 20 கிராம் விங்ஸ் உண்மையான ஸ்டெர்லிங் என்றால் தராசு ஏறக்குறைய 1.93 காட்டும். பித்தளைமேல் வெள்ளிப் பூச்சு என்றால் 2.3-க்கு மேலே போய்விடும். ஊசியும் கீலும் வேறு உலோகம் என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதற்கு விட்டுக்கொடுக்கலாம். வெள்ளிதான் என்று தெரிந்த பிறகே பூதக்கண்ணாடி. நேரே கண்ணாடியை எடுப்பவர்கள் இறகின் அழகில் சொக்கிவிடுவார்கள்.

அசல் விங்ஸ் எஃகு அச்சில் வைத்து அழுத்தி அடித்தது. இறகின் நரம்பு ஒவ்வொன்றும் விளிம்போடு கூர்மையாக நிற்கும். பக்கவாட்டில் தகட்டைக் கத்தரித்த நேர்கோட்டுச் சுவடு தெரியும். போலி பெரும்பாலும் அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தது. பள்ளங்களில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், விளிம்பில் அரம் போட்டிருப்பார்கள், நரம்புகள் மழுங்கிப்போயிருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்பு, அசலைவிட ஒரு மில்லிமீட்டர்வரை குறைவாக வரும். அதே தயாரிப்பாளரின் அசல் ஒன்று பக்கத்தில் இருந்தால் வெர்னியர் காட்டிக்கொடுத்துவிடும். தங்கசாலைத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பத்தர் வெர்னியரே வைத்துக்கொள்ளமாட்டார். நகத்தை இறகின்மேல் குறுக்கே ஓட்டிவிட்டு "வார்ப்புங்க" என்பார்.

இதைவிடச் சங்கடம், அசல் அச்சிலேயே பிற்காலத்தில் அடித்தவை. அச்சு நிஜம், வெள்ளி நிஜம், காலம் மட்டும் பொய். இங்கே முதுகுதான் கதி. ஊசியின் கீல் எப்படிப் பற்றவைத்திருக்கிறது, கொக்கியின் பூட்டு எந்தத் தலைமுறை, போரின் நடுவிலிருந்து அதிகமாக வர ஆரம்பித்த இரட்டை முள் பிடிப்பா, நீள ஊசியா, முத்திரை எழுத்து எந்த வடிவம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். முடிவுக்கு வர முடியாதவையும் உண்டு. அவற்றுக்கு நான் எழுதித்தரும் சீட்டில் ‘காலம் உறுதியில்லை’ என்று போடுவேன். அப்படிச் சீட்டு வாங்கியவர்கள் மறுபடி என்னிடம் வருவதில்லை. போகட்டும்.

அரிதான வகைகளில் கைவைப்பதும் நடக்கும். அமெரிக்கக் கிளைடர் விமானிகளின் விங்ஸில் நடுக் கேடயத்தில் ‘ஜி’ எழுத்து உண்டு. லியாசன் விமானிக்கு ‘எல்’. சாதாரண பைலட் விங்ஸை மலிவாக வாங்கி, எழுத்தை வெட்டிப் பற்றவைத்துவிட்டால் விலை பல மடங்கு. எழுத்தைச் சுற்றிப் பற்றாசு வழிந்த மெல்லிய வேறு நிறக் கோடு ஒன்று பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் ‘வாஸ்ப்’ பெண் விமானிகள் விஷயத்தில் இந்த விதி தலைகீழாகிறது. டெக்சஸில் பயிற்சி முடித்த 1,074 பெண்களில் முதல் அணிகளுக்குத் தனி விங்ஸ் கிடையாது. ஆண்களின் விங்ஸையே வாங்கி, கேடயத்தை மழித்து, அணியின் எண்ணைப் பொறித்துக் கொடுத்தார்கள். அசலே திருத்தப்பட்டதுதான்! 1944 டிசம்பரில் அந்தப் படையையே கலைத்தும்விட்டார்கள். 1,074 பெண்களுக்கு எத்தனை விங்ஸ் இருக்க முடியும் என்று யோசித்துவிட்டுச் சந்தையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

வெள்ளி விங்ஸ் என்று வருவதில் இன்னொரு கூட்டம் காதலிகளுக்குக் கொடுத்த ப்ரூச். முதல் உலகப்போரிலிருந்தே வீரர்கள் தங்கள் படையின் சின்னத்தைச் சின்னதாக வெள்ளியிலோ தங்கத்திலோ முத்துச்சிப்பியிலோ செய்து மனைவிக்கும் காதலிக்கும் தருவது பிரிட்டனில் வழக்கம். அதைக் கொண்டுவந்து விமானியின் விங்ஸ் என்பார்கள். பொய் சொல்வதில்லை, தெரியாது. எனக்கு அவை பிடிக்கும். சீருடைச் சின்னத்தைவிட நிறைய தேய்ந்திருக்கும்.

கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயல் ஃப்ளையிங் கோர் விங்ஸோடு ‘எங்கள் கொள்ளுத்தாத்தா’ என்று ஆரம்பிக்கும் இந்தியக் குடும்பக் கதை வந்தால் நான் பேனாவை மூடிவிடுவேன். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானம் ஓட்டிய இந்தியர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கல்கத்தாவில் பிறந்து, பத்து விமானங்களை வீழ்த்தி, 1918 ஜூலை 22-இல் பிரான்ஸில் மறைந்த இந்திர லால் ராய் ஒருவர். சொப்வித் கேமல் ஓட்டிய ஹர்தித் சிங் மாலிக் ஒருவர். மற்றவர்களின் பெயர்களும் தெரிந்தவைதான். இந்திய விமானப்படை தொடங்கியதே 1932 அக்டோபர் 8-இல். முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியில் வாபிட்டி விமானங்களோடு உருவானது. 1945 மார்ச்சில் ‘ராயல்’ அடைமொழி வந்தது, 1950 ஜனவரி 26-இல் போயிற்று. அந்தக் காலத்துச் சின்னத்துக்கு ஐந்து வருஷத்துக்குள்தான் வாய்ப்பு. வாய்ப்பு குறைந்த இடத்தில்தான் சரக்கு அதிகமாக வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு மனசு ஒட்டியது கல்கத்தா வேலை. பர்மாச் சாலையை ஜப்பானியர் அடைத்த பிறகு, 1942-இலிருந்து அமெரிக்க விமானிகள் அஸ்ஸாமின் சாபுவா, தின்ஜான் ஓடுதளங்களிலிருந்து மலைகளைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோனார்கள். அந்த வழிக்கு ‘ஹம்ப்’ என்று பெயர். விடுப்பில் கல்கத்தாவுக்கு வந்தால் கடைத்தெருவில் சட்டை தைத்துக்கொள்வார்கள். அதோடு விங்ஸும், ஜர்தோசி வேலையில். நம் ஆட்கள் அமெரிக்கக் கேடயத்தைப் பார்த்தபடி தைத்தார்கள். கேடயத்தின் கோடுகள் இடத்துக்குத் தக்கபடி கூடும் குறையும், இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் ஓர் இறகு வித்தியாசம் வரும். விதிப்படி பார்த்தால் தப்பும் தவறுமான சின்னம். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. காக்கித் துணி, சுருள் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி ஊசியில் கோத்துத் தைத்த இறகுகள். செம்புக் கம்பிமேல் வெள்ளி ஏற்றியதால் மேடுகளில் செம்பு எட்டிப் பார்க்கிறது, பள்ளங்களில் கறுப்பு. பின்னால் முரட்டுப் பருத்தி, அதன்மேல் மாவுப் பசை போட்டு ஒட்டிய செய்தித்தாள் துண்டு, அதில் பாதி பாதியாய் வங்காள எழுத்துகள். ஒரு மூலையைப் பூச்சி தின்றிருக்கிறது. பூச்சிக்கு மாவுப் பசை பிடிக்கும். இன்றைய ரசாயனப் பசையை அது சீந்தாது.

இதை எடுத்துக்கொண்டு ஹௌராப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். தலைமுறையாக ஜரி வேலை. இப்போது வெளிநாட்டுப் படைகளுக்கும் கிளப்புகளுக்கும் சின்னம் தைக்கிறார்கள். உஸ்தாத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியை ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

"தைத்தவன் இடதுகைக்காரன், பாபு. நூல் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். பஞ்சு திணிக்கவில்லை, நூலாலேயே மேடு கட்டியிருக்கிறான். இதற்கு நாங்கள் கேட்கும் கூலியை இன்று யாரும் கொடுக்கமாட்டார்கள்."

இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்றேன். அட்டையை வெட்டி அடியில் வைத்துவிடுகிறோம், பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டும் பேஸ்டிங் துணி, கம்பி வேண்டுமென்றால் கம்பி, மலிவு வேண்டுமென்றால் பிளாஸ்டிக் ஜரி என்றார். பழைய மாதிரி வேண்டுமென்று ஆர்டர் வருகிறதா என்றேன். அவருடைய மருமகன் சிரித்தபடி ஓர் அலமாரியைத் திறந்து பாட்டிலைக் காட்டினான். கந்தக நெடி. பிரஷ்ஷால் ஒரு தடவு, அரை மணி நேர வெயில். ஆர்டர் தாளில் ‘பழைய பூச்சு’ என்று எழுதியே வருகிறதாம். யாருக்காக, எதற்காக என்று இவர்கள் கேட்பதில்லை. கேட்டால் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும். இவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் விற்பது புதுச் சின்னம், புதுச் சின்னத்தின் விலைக்கு. பொய் ஏறுவது கப்பல் இறங்கிய பிறகு.

என்னுடையதைப் பார்த்து ஒன்று தைத்துத் தரச் சொன்னேன். பின்னால் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு போட்டுத் தர வேண்டும் என்றும் கேட்டேன். மருமகன் தயங்கினான், வெளிநாட்டு ஆர்டர்களில் எந்த அடையாளமும் கூடாது என்று இருக்கிறதாம். உஸ்தாத்தே வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

அந்த இரண்டும் என் மேஜையில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன, முகம் மேலே பார்த்தபடி. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் எது போர்க்காலத்து வேலை என்று கேட்பேன். பெரும்பாலும் ஹௌராவில் தைத்ததைத்தான் காட்டுகிறார்கள். அதுதான் இரண்டில் அதிகக் கறுப்பு.